லுவீனா யாருடைய பெயர்

லுவீனா, மிச்சிகன்
செப்டம்பர் 18, புதன்கிழமை

அன்புள்ள பெத்தனிக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, தூங்கி, நன்றாக இருக்கிறாய் என்று நம்பிக்கொண்டுதான் இதைத் தொடங்குகிறேன். போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நீ அலுவலகக் குரலில் பேசுவாய், நான் இரண்டு நிமிடத்தில் அழுதுவிடுவேன், அப்புறம் அப்பா வாங்கி மழையைப் பற்றிப் பேசி முடித்துவிடுவார். அதனால் காகிதம். அப்பாவுக்கு இருமல் குறைந்திருக்கிறது, பள்ளிப் பேருந்து ஓட்டுவது அவருக்குப் பிடித்துப்போய்விட்டது, ஊறுகாய் ஆலையின் தொட்டிமுற்றத்தில் இருபத்தொன்பது வருடம் உப்புத்தண்ணீர் ஆவியைக் குடித்த மனிதருக்கு இப்போது பிள்ளைகளின் கூச்சல் சங்கீதமாக இருக்கிறதாம். நாய்க்கு ஒரு பல் எடுத்தோம். உன் அறை ஜன்னல் இன்னும் சரியாக மூடவில்லை, பனிக்கு முன் பார்க்கவேண்டும். ஆலைக் கட்டடத்தின் தெற்குச் சுவரில் பாதியை இடித்துவிட்டார்கள், மீதியை இடிக்கப் பணம் ஒதுக்கவில்லையாம், அப்படியே வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறது, தினமும் அதைத் தாண்டித்தான் கடைக்குப் போகிறேன்.

போன வியாழக்கிழமை தபால்காரர் ட்வெயின் வாசல்வரை வந்து மணியடித்தார். உனக்குத் தெரியும், அவர் பெட்டியில் போட்டுவிட்டுப் போகிறவர், மணியடிப்பது அபூர்வம். பச்சை அட்டை ஒட்டிய உறை, கையெழுத்துப் போட்டு வாங்கவேண்டியது. அட்லாண்டாவிலிருந்து என்று பார்த்ததும் எனக்கு ஒரே சந்தோஷம், நீதான் ஏதோ அனுப்பியிருக்கிறாய் என்று நினைத்து, பிரிக்காமலே கையெழுத்துப் போட்டேன். ஒரு விதத்தில் நீதான் அனுப்பியிருந்தாய்.

அதில் என்ன எழுதியிருக்கிறது என்று உனக்கு நான் சொல்லவேண்டியதில்லை. இருந்தாலும் சொல்கிறேன், ஏனென்றால் அந்தத் தமாஷை நான் பதினைந்து தடவை படித்துவிட்டேன். நானும் மார்வாவும் சூலேமாவும் லூத்தரன் சர்ச் சமையற்கூடத்தை வாடகைக்கு எடுத்து, ஆய்வாளரைக் கூப்பிட்டுக் காட்டி, உரிமம் வாங்கி, மூன்று பேருமாகப் போட்ட வெள்ளரி ஊறுகாய்க்கு 'லுவீனா பெண்கள்' என்று லேபிள் ஒட்டி சனிக்கிழமைச் சந்தையில் விற்கிறோம் அல்லவா, அந்தப் பெயரில் உள்ள 'லுவீனா' நீ வேலை பார்க்கிற கம்பெனியின் உடைமையாம். ஜாடிகளைச் சந்தையிலிருந்து எடுக்கவேண்டுமாம். ஒட்டாத லேபிள்களை அழித்துவிட்டுப் படம் எடுத்து அனுப்பவேண்டுமாம். கூடவே ஒரு தாள், 'இந்தப் பெயர் கம்பெனிக்குச் சொந்தம், இனி எந்தப் பொருளிலும் எந்த வடிவிலும் பயன்படுத்தமாட்டோம்' என்று நாங்கள் ஒப்புக்கொண்டு, முப்பதாம் தேதிக்குள் கையெழுத்திட்டு அனுப்ப. கடைசி வரியில், சந்தேகம் இருந்தால் தொடர்புகொள்ள வேண்டியவர் சட்டப் பிரிவு, பெத்தனி கெசெல்.

நான் கேட்கவேண்டியது ஒன்றே ஒன்றுதான். உறையில் முகவரி எழுதும்போது பார்த்தாயா? ரோண்டா கெசெல், 214 டிப்போ தெரு. நீ சைக்கிள் ஓட்டிப் பழகி, விழுந்து, முன்பல்லை உடைத்துக்கொண்ட தெரு. பார்த்துவிட்டுத்தான் அனுப்பினாயா, இல்லை மெஷின் ஏதோ பட்டியலிலிருந்து எடுத்து உன் பெயரைப் போட்டு அனுப்பிவிட்டு, உனக்கே தெரியாமல் இருக்கிறதா? ஆறு நாளாக யோசிக்கிறேன், இரண்டில் எது தேவலை என்று எனக்கே தெரியவில்லை.

லுவீனா யார் என்று எனக்குச் சொன்னவளே நீதான். நினைவிருக்கிறதா, ஏழாம் வகுப்புக் கட்டுரை. இருபது வருடம் இந்த ஊரில் வாழ்ந்த எனக்கு அது ஏதோ ஏரியின் பெயர், அல்லது எவனாவது பணக்காரனின் மனைவி என்றுதான் நினைப்பு. நீதான் மாவட்ட ஆவணக் கட்டடத்தில் மூன்று சனிக்கிழமை உட்கார்ந்து கண்டுபிடித்தாய். லுவீனா பிராதர். தண்டவாளம் போட வந்த கூலிகளுக்குச் சமைத்துப் போட்டவள். ஒரு கொட்டகை, இரண்டு அண்டா, உப்பில் ஊறிய வெள்ளரிப் பீப்பாய்கள். ஆட்கள் 'லுவீனாவிடம் போகிறோம்' என்று சொல்லிச் சொல்லி, ரயில் குமாஸ்தா வரைபடத்தில் அப்படியே எழுதிவிட்டான். யாரும் அவளைக் கேட்கவில்லை. முப்பத்துநான்கு வயதில் காய்ச்சலில் செத்தாள், குழந்தை குட்டி இல்லை, கல்யாணம் ஆகாமல் ஆண்களோடு கூடாரத்தில் இருந்தவள் என்று கல்லறைத் தோட்ட வேலிக்கு வெளியே புதைத்தார்கள். இதையெல்லாம் பதின்மூன்று வயதில் எழுதி, 'அவள் கையால் சாப்பிட்ட ஊர் அவளுக்கு ஒரு கல் கூட வைக்கவில்லை' என்று முடித்திருந்தாய். அந்தக் கட்டுரைதான் பின்னால் கம்பெனி உதவித்தொகைக்கும் போயிற்று, உன்னைப் படிக்கவைத்தது. கம்பெனியும் அதிலிருந்து தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டது. ஜாடிக்குப் பின்னால் கதை அச்சடித்தார்கள், பாட்டி லுவீனா, பேரப்பிள்ளைகளுக்கு அன்போடு ஊறவைத்தாளாம், கம்பெனியைத் தொடங்கியவரின் தாய்வழிப் பாட்டியாம். தலையில் குல்லா, கன்னத்தில் சிவப்பு. முப்பத்துநான்கில் செத்தவளைக் கிழவியாக்கி, கூலிக்குச் சமைத்தவளை முதலாளியின் பாட்டியாக்கி விற்றார்கள். அப்போதே நான் கோபப்பட்டிருக்கவேண்டும். உன் படம் செய்தித்தாளில் வந்த சந்தோஷத்தில், பத்துப் பிரதி வாங்கி அண்டை அயலுக்குக் கொடுத்தேன்.

ஆலை இருந்தவரை பெயரை யார் எங்கே எழுதினார்கள் என்று யாரும் கவலைப்படவில்லை. தண்ணீர்த்தொட்டியில் அதே எழுத்து, தீயணைப்பு வண்டியில் அதே எழுத்து, உன் கூடைப்பந்துச் சட்டையிலும் அதே எழுத்து. எதிர் ஊர்ப் பிள்ளைகள் உங்களை 'ஊறுகாய், ஊறுகாய்' என்று கத்துவார்கள், நீங்கள் ஜாடி மூடியை வைத்துத் தாளம் போடுவீர்கள். இப்போது வெளியூரில் பேர் சொன்னால் வேறு மாதிரி. ஜூலையில் அப்பாவின் நெஞ்சுப் படத்துக்காக கிராண்ட் ராபிட்ஸ் போனபோது, அங்கே ஆஸ்பத்திரியில் பதிவு எழுதிய பெண் முகவரியைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "லுவீனாவா? அது நெஜமாவே ஒரு ஊரா? கம்பெனிக்காரங்க வச்ச பேருன்னு நெனச்சிட்டிருந்தேன்" என்றாள். அப்பா, "ஆமாம்மா, நாங்களும் அவங்க செஞ்சதுதான், ஜாடிக்குள்ளதான் இருப்போம்" என்றார். அவள் இன்னும் சிரித்தாள்.

நான் அந்தக் கடிதத்தை மார்வாவுக்கும் சூலேமாவுக்கும் வெள்ளிக்கிழமை சமையற்கூடத்தில் காட்டினேன். காட்டும்போது அடிப்பக்கத்தை, உன் பெயர் இருந்த வரியை, பின்பக்கமாக மடித்து வைத்திருந்தேன். இதை எழுதக் கூசுகிறது, ஆனால் மடித்தேன். மார்வாவை உனக்குத் தெரியும், முப்பது வருடம் மூடி திருகும் வரிசையில் நின்றவள், எந்தக் காகிதத்தையும் இரண்டு பக்கமும் பார்க்காமல் விடமாட்டாள். மடிப்பை விரலால் நீவிப் பிரித்தாள். படித்தாள். அடுப்பில் வினிகர் கொதித்துக்கொண்டிருந்தது, சூலேமா சதகுப்பையை நறுக்குவதை நிறுத்தவில்லை. மார்வா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "எழுத்துப்பிழை ஒண்ணுகூட இல்லடி ரோண்டா. நல்லாத்தான் படிக்கவச்சிருக்கே" என்றாள். அவ்வளவுதான். திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன். ஆலை மூடிய மறுவருடம் நீ அட்லாண்டாவில் அதே கம்பெனியில் சேர்ந்தபோது ஊரில் வாய் கிழியப் பேசினார்கள், நான் ஒவ்வொருத்தியிடமும் சண்டைக்குப் போனேன், மார்வா அப்போது என் பக்கம் நின்றாள். அதனால் கடிதத்தை வாங்கி மடித்துப் பைக்குள் வைத்தேன்.

சூலேமாதான் சொன்னாள், முதலில் நகரசபைக்குப் போவோம், ஊர்ப்பெயரை யார் எப்படி இவர்களுக்குக் கொடுத்தது என்று கேட்போம் என்று. டெக்ஸஸிலிருந்து வெள்ளரி பறிக்க வந்து இங்கேயே தங்கியவள், பதினெட்டு வருடம் ஆகிறது, இன்றும் மளிகைக்கடையில் அவளை 'நீ எந்த ஊர்' என்று கேட்கிறார்கள், அவள் லுவீனா என்றால், இல்லை, உண்மையில் எந்த ஊர் என்று மறுபடி கேட்கிறார்கள். அவளுக்கு இந்தப் பெயர்மேல் இருக்கிற பிடிப்பு எனக்கு இருந்ததா என்று தெரியவில்லை. திங்கட்கிழமை போனோம். பதினான்கு பேர் வந்திருந்தார்கள், பாதிப்பேர் நாய் வளர்க்கும் உரிமத்துக்காக. எழுத்தர் பழைய குறிப்பேட்டைத் தேடி எடுத்து நின்றபடி வாசித்தார். ஏழு வருடத்துக்கு முந்தைய மார்ச் மாதம். கம்பெனி பிரதிநிதி வருகை. 'லுவீனா' என்ற பெயரை உணவுப் பொருள்களுக்குக் கம்பெனி பதிவுசெய்வதில் நகரத்துக்கு ஆட்சேபம் இல்லை, எப்போதும் இருக்காது. முன்மொழிந்தவர் மேயர். வழிமொழிந்தவர், ரோண்டா கெசெல்.

நான்தான், பெத்தனி. நான் சபையில் இருந்த அந்த இரண்டு வருடம். எனக்கு அந்த மாலை முழுசாக ஞாபகம் வந்துவிட்டது, சாம்பல் கோட்டு போட்ட ஒரு பையன், பனிவாரி வண்டி விவகாரத்துக்கும் நூலகக் கூரைக்கும் நடுவில் வந்து, பெயரை உறுதிப்படுத்திக்கொண்டால் ஆலை இங்கேயே வேரூன்றும் என்று சொன்னான். எல்லோருக்கும் பன்றித்தொடை சாண்ட்விச்சும் ஆளுக்கொரு பெட்டி ஊறுகாயும் கொண்டுவந்திருந்தான். நாங்களே அடைத்த ஊறுகாய். நாங்கள் கைதட்டினோம். ஊர்ப்பெயரை ஒருவன் கேட்கிறான் என்றால் அது மரியாதை என்று நினைத்தோம், தொட்டியில் வர்ணம் அடிக்க, திருவிழாவுக்குக் கொடி தைக்கக் கேட்பதுபோல. தாளை ஒருவரும் படிக்கவில்லை, நானும் படிக்கவில்லை. பச்சை அட்டையில் கையெழுத்துப் போட்டதுபோலவே போட்டேன். மூன்று வருடத்தில் ஆலையை மூடினார்கள். இப்போது கடையில் விற்கிற ஜாடியைத் திருப்பிப் பார், பொடி எழுத்தில் இந்தியாவில் விளைந்து அடைக்கப்பட்டது என்று இருக்கும். அங்கேயும் எங்களைப்போல ஒருத்தி வெயிலில் குனிந்து பறித்து, தரம் பிரித்து, விரல் வெடித்துக் கிடப்பாள். அவள்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. அவள் ஊருக்கும் ஒரு பெயர் இருக்கும், அது எந்த ஜாடியிலும் இல்லை, எங்கள் ஊர்ப் பெயரை அவள் தினமும் ஒட்டிக்கொண்டிருக்கிறாள்.

எழுத்தர் வாசித்து முடித்ததும் கூடத்தில் யாரோ மெதுவாகச் சிரித்தார்கள். இப்போதைய மேயர், வருத்தம்தான், ஆனால் எழுத்தில் கொடுத்ததை என்ன செய்ய என்றார். மார்வா எழுந்து, "அப்ப சாவுச் சான்றிதழ்ல எந்த ஊருன்னு எழுதுவீங்க, அதுக்கும் அட்லாண்டாவுல கேக்கணுமா?" என்றாள். நாய் உரிமக்காரர்கள் கைதட்டினார்கள். அதற்குமேல் ஒன்றும் நடக்கவில்லை. வெளியே வந்ததும் அவள் என்னைப் பார்த்து, "அம்மா குடுத்தா, பொண்ணு காவல் காக்குறா. குடும்பத் தொழில்" என்றாள், சொல்லிவிட்டு என் தோளில் கை போட்டுக் கார் வரைக்கும் நடந்தாள்.

மறுநாள் மாவட்டத் தலைநகரில் ஒரு வக்கீலைப் பார்த்தோம். நல்ல மனிதர், ஒரு மணி நேரம் உட்காரவைத்துப் பேசினார். ஒருவர் தான் வாழும் ஊர்ப் பெயரைச் சொல்வதை எந்தக் கம்பெனியாலும் முழுசாகத் தடுக்கமுடியாது, வழக்குப் போட்டால் ஜெயிக்கக்கூட வாய்ப்பு உண்டு என்றார். எப்போது என்று சூலேமா கேட்டாள். நான்கு வருடம், அதிர்ஷ்டம் இருந்தால் மூன்று என்றார். சட்டம் எங்கள் பக்கம்தான் இருக்கிறது, அது இருக்கிற வீட்டுக்கு நாங்கள் போய்ச்சேர வழிச்செலவு இல்லை, அவ்வளவுதான். இன்னொன்றும் சொன்னார், அதைக் கேட்டுத்தான் மூன்று பேரும் பைத்தியம் மாதிரி சிரித்தோம். உணவுச் சட்டப்படி ஜாடிக்குப் பின்னால் செய்தவர் பெயரும் ஊரும் கட்டாயம் எழுதவேண்டும். பின்னால் லுவீனா என்று எழுதாவிட்டால் அரசாங்கம் தண்டிக்கும், முன்னால் எழுதினால் நீங்கள் தண்டிப்பீர்கள். நீங்கள் என்று எழுதிவிட்டேன். அந்த வார்த்தையை அடித்துத் திருத்தவில்லை, அப்படியே இருக்கட்டும்.

அப்பா உன் பக்கம்தான் பேசுகிறார், அதையும் உனக்குச் சொல்லவேண்டும். "புள்ள வேலதானே பாக்குது. நான் மட்டும் என்ன, இருபத்தொம்பது வருஷம் அவன் தொட்டியக் கழுவலயா? மேல இருக்குறவன் குடுக்குறதுல அது கையெழுத்துப் போடுது. கைய விட்டுட்டு வாய்க்கு என்ன வழி?" என்றார். "நீங்க கழுவினது தொட்டிய, சொந்த ஊர்ச் சனத்த இல்ல" என்றேன் நான். அதிலிருந்து இரண்டு நாளாகப் பேச்சு கம்மி. பேருந்துக்குப் போகும்போது மட்டும் நின்று, "எழுதுறதா இருந்தா, புள்ளைய ரொம்ப நோகடிக்காத" என்று சொல்லிவிட்டுப் போனார். நோகடிக்காமல் எழுதத்தான் பார்க்கிறேன், முடிகிறதா தெரியவில்லை. உன் வேலை உனக்கு எவ்வளவு என்று எனக்குத் தெரியும், படிப்புக்கடன் மீதி, வீட்டு வாடகை, எல்லாம் தெரியும். வேலையை விட்டுவிட்டு வா என்று சொல்ல நான் முட்டாள் இல்லை, இங்கே வந்து என்ன செய்வாய், பாதிச் சுவரையா பார்த்துக்கொண்டிருப்பாய். உன் மேலதிகாரியிடம் அம்மாவுக்குச் சலுகை கேள் என்றும் சொல்லவில்லை. எங்களை மட்டும் விட்டுவிட்டால் அடுத்து பெர்கின்ஸ் வீட்டுத் தேனுக்கு வருவார்கள், அப்புறம் பள்ளிக்கூடத்துக் கேக் விற்பனைக்கு வருவார்கள். சலுகையாகக் கிடைக்கிற பெயர் எனக்கு வேண்டாம்.

இருபத்தெட்டாம் தேதி சனிக்கிழமை அறுவடைச் சந்தை. இருநூற்றுப் பத்து ஜாடிகள் தயாராக இருக்கின்றன, முன்பக்கமும் பின்பக்கமும் லுவீனா என்றே எழுதியிருக்கிறது, அப்படியேதான் மேசையில் வைக்கப்போகிறோம். நேற்று வக்கீலைப் பார்த்துவிட்டுக் காரில் திரும்பி வரும்போது மூன்று பேரும் ஒத்துக்கொண்டோம். வழக்குப் போட்டால் போடட்டும். தோற்றால் சமையற்கூடம் போகும், சூலேமாவின் சேமிப்பு போகும், அவள்தான் முதலில் சரி என்றாள். விற்று வருவதில் முதல் பங்கு லுவீனாவுக்கு வைக்கிற கல்லுக்கு. வேலிக்கு வெளியே, நீ ஏழாம் வகுப்பில் குச்சி நட்டு அடையாளம் வைத்தாயே, அதே இடத்தில். கல் வெட்டுகிறவர் என்ன பொறிக்கட்டும் என்று கேட்டார், அவள் பெயர்தான் என்றேன், கம்பெனி அனுமதி வாங்கியாச்சா என்று கேட்டார். கிண்டலுக்குத்தான் கேட்டார். இந்த ஊரில் இப்போது அதுவே கிண்டலாகிவிட்டது.

வேறென்ன. இரவில் குளிரத் தொடங்கிவிட்டது, அங்கே இன்னும் வெயில்தான் இருக்கும், இருந்தாலும் உன் நீலக் கோட்டை இங்கேயே விட்டுப்போயிருக்கிறாய், அனுப்பட்டுமா வந்து எடுத்துக்கொள்கிறாயா என்று எழுது. இரவு பத்து மணிக்குமேல் அலுவலகத்தில் உட்காராதே, கண் கெட்டுவிடும். மார்வா உன்னை விசாரித்தாள், நிஜமாகவே விசாரித்தாள், கிண்டலாக இல்லை. கடவுள் உன்னை நல்ல உடம்போடும் நேரான மனதோடும் வைத்திருக்கட்டும், நீ பிறந்த நாளிலிருந்து நான் கேட்பது இந்த இரண்டும்தான், இரண்டில் ஒன்றைக் குறைத்துக்கொள் என்று இன்றும் கேட்கமாட்டேன். சந்தைக்கு வரமுடிந்தால் வா. அலுவலக வேலையாக அனுப்பினாலும் வா, உன் வேலையைச் செய், இரவு வீட்டில் சாப்பிட்டுத் தூங்கிவிட்டுப் போ.

நீங்கள் அனுப்பிய தாளை இதோடு வைத்திருக்கிறேன். கையெழுத்துக்காகப் போட்டிருக்கிற கோடு காலியாகத்தான் இருக்கிறது. இந்தத் தடவை படித்துப் பார்த்தேன். இந்த வாரம் நான் கையெழுத்துப் போடுகிற காகிதம் இந்தக் கடிதம் ஒன்றுதான்.

என்றும் உன் நலம் நாடும் அம்மா,
ரோண்டா கெசெல்
214 டிப்போ தெரு
லுவீனா